தொட்டிக்குள் பவளம் வளர்ந்த கதை

1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் கடல்மீன் வளர்த்தவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் ஒரு வேலை இருந்தது. தொட்டியில் அழகுக்கு வைத்திருந்த பவளத் துண்டுகளை வெளியே எடுத்து பிளீச்சிங் கரைசலில் ஊறப் போடுவார்கள். படிந்த பாசி கழன்று துண்டுகள் பளீரென்று வெளுத்ததும், வாசனை போகக் கழுவிக் காயவைத்து மறுபடி தொட்டிக்குள் அடுக்குவார்கள். மீனுக்கு நோய் வந்தால் தண்ணீரில் மயில்துத்தக் கரைசலைக் கலப்பார்கள். செம்பு கலந்த தண்ணீரில் ஒட்டுண்ணி சாகும். கூடவே நத்தை, நண்டு, இறால் என்று முதுகெலும்பில்லாத எதுவும் பிழைக்காது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொட்டியில் உயிரோடு இருக்க வேண்டியது மீன் மட்டும்தான் என்பது அன்றைய நினைப்பு. பவளம் என்பது எலும்புக்கூடு. வெளுப்பாக இருந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஒரு வீட்டில் உயிருள்ள பவளங்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருந்தன. அங்கே மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை, மருந்து இல்லை.

அந்த வீட்டுக்குப் போகுமுன் சிசிலித் தீவின் மெஸ்ஸினா துறைமுகத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரான்சின் ஒரு கிராமத்தில் பிறந்து, பாரிசில் தையல் வேலை செய்து பிழைத்து, வணிகர் ஒருவரை மணந்து மெஸ்ஸினாவில் குடியேறியவர் ழான் வில்லெப்ரூ பவர். ஆர்கோநாட் என்ற எண்காலி அவரை ஈர்த்தது. காகிதம் போல் மெலிந்த ஓட்டுக்குள் அது மிதந்து திரியும். அந்த ஓடு அதனுடையதா, அல்லது துறவி நண்டு செய்வதைப் போல வேறு பிராணியின் ஓட்டில் குடிபுகுந்திருக்கிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்தார்கள். செத்து ஆல்கஹாலில் மிதக்கும் உடலை வைத்து இதற்கு விடை காண முடியாது. பிராணி உயிரோடு, கண்ணெதிரே இருக்க வேண்டும்.

1832இல் அதற்காகவே அவர் கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்வித்தார். கடலுக்குள் இறக்கி வைக்கக்கூடிய கூண்டுகளையும் தாமே வடிவமைத்தார். ஓட்டை உடைத்தால் ஆர்கோநாட் தானே அதை ஒட்டிச் சரிசெய்வதையும், முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஓடில்லாமல் பிறந்து பிறகு ஓட்டைச் சுரந்து கட்டுவதையும் அவர் கண்டு எழுதினார். விவாதம் முடிந்தது. அவர் சேர்த்த மாதிரிகளும் குறிப்புகளும் பிற்பாடு லண்டனுக்குக் கப்பலில் போகும்போது கடலில் மூழ்கின. பெயரும் ஏறக்குறைய அவற்றோடு மூழ்கியது. தொட்டியின் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் ஆண்களின் பெயர்களிலிருந்துதான் தொடங்கினார்கள்.

லண்டன் வீட்டுக்காரரும் ஒரு பெண்தான். ஆன்னா தின் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் துணைத்தலைவருடைய மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரைக்குப் போனவர் பாறை இடுக்குகளில் இருந்த சிறிய கல்பவளங்களைக் கண்டு மயங்கி, லண்டனுக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். வண்டிக் குலுக்கலில் ஒன்றோடொன்று மோதி உடையக் கூடாதே என்று ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் அவற்றைத் தைத்து, கடல்நீர் நிரம்பிய ஜாடியில் போட்டு எடுத்துச் சென்றார். ஊர் போய்ச் சேர்ந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. கடல் எட்டாத தொலைவில் இருக்கிறது, தண்ணீரை அடிக்கடி மாற்ற முடியாது. அதனால் இருக்கிற தண்ணீரைத் திறந்த சன்னலுக்கு முன்னால் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினார்கள். நாள்தோறும் அரை மணிக்குக் குறையாமல் இந்த வேலை நடந்தது. செய்தது பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண். உலகின் முதல் ஏர் பம்ப் அவளுடைய இரண்டு கைகள் என்று சொன்னால் மிகையில்லை. அவள் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

அடுத்த ஆண்டு ஆன்னா தின் கடற்பாசிகளையும் தொட்டிக்குள் சேர்த்தார். பாசி பிராணவாயு விடும். பவளம் அதைச் சுவாசிக்கும். பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. அந்தப் பெருக்கத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1859இல்தான் அச்சேறியது. ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் வளர்த்தவை குளிர்கடலில் தனித்தனியாக வாழும் சிறு பவளங்கள். மன்னார் வளைகுடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பாறை பாறையாக எழும் வெப்பக்கடல் பவளம் வேறு. அதற்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டும். ஆனாலும் அவர் பிடித்த நூல் சரியான நூல்தான். தண்ணீரைத் தூக்கி எறியாதே, அதற்குள் இன்னொரு உயிரைச் சேர்த்துச் சமன்செய் என்பது அவருடைய வழி.

இதே எண்ணத்துக்கு இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் 1850இல் அறிவியல் உருவம் கொடுத்தார். தங்கமீன் ஒரு ஜோடி, நீர்ச்செடி, அழுகும் இலையைத் தின்ன நத்தை. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காட்டி வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார். 1853 மே மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் இல்லம் திறந்தது. அதற்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் முக்கியமானவர் ஃபிலிப் ஹென்றி காஸ். மறு ஆண்டு அவர் எழுதிய புத்தகம்தான் ‘அக்வேரியம்’ என்ற பெயரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவாகக் கலந்து கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவரே வெளியிட்டார். கண்ணாடி மீதிருந்த வரியை இங்கிலாந்து 1845இலேயே நீக்கிவிட்டதால் கண்ணாடி மலிந்திருந்தது. ரயில் கடற்கரையைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. வேறென்ன வேண்டும்? நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளிலெல்லாம் கடல் சாமந்தி பூத்தது.

பூத்த வேகத்திலேயே அழுகியது. ஒரு தொட்டியில் எத்தனை உயிரைப் போடலாம் என்ற கணக்கு வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்று செத்தால் தண்ணீர் கெட்டு மற்றவையும் சாகும். நாற்றம் தாங்காமல் தொட்டி பரணுக்குப் போகும். 1860களின் முடிவுக்குள் மோகம் தணிந்துவிட்டது. அதற்குள் தெற்கு இங்கிலாந்தின் பாறைக்குட்டைகள் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. தம் தந்தையின் புத்தகங்களே அந்தக் கூட்டத்தைக் கடற்கரைக்கு அனுப்பின என்பதை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய தன் வரலாற்று நூலில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். இந்தப் பொழுதுபோக்கின் கூடவே நிழலாக வரும் வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

மோகம் போன பிறகும் தொழிலில் ஒருவர் நின்றார். வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் லண்டனில் கடலுயிர்க் கடை நடத்தியவர். நிறையச் சாவுகளைப் பார்த்தவர். காட்சித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் போதாது, அதைப் போலப் பல மடங்கு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் இருட்டில், குளிர்ச்சியாகக் கிடந்து ஓயாமல் சுற்றிவர வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த விதி. 1864இல் ஹாம்பர்க்கிலும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சியகங்கள் இந்த விதிப்படி இயங்கின. தரைக்கடியில் பெரிய நீர்த்தேக்கம், நீராவி எஞ்சின், இடைவிடாத ஓட்டம். தண்ணீரை மாற்றவே இல்லை. 1874இல் நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் திறந்த கடல்வாழ் உயிரின ஆய்வு நிலையத்தின் தொட்டிகளுக்கும் லாயிட்தான் வழிகாட்டினார். இன்று பவளத் தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் அலமாரிக் கதவைத் திறந்தால், கீழே இன்னொரு தொட்டி இருக்கும். சம்ப் என்பார்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கே இறங்கிச் சுத்தமாகிப் பம்ப் வழியாக மேலே போகும். அந்தச் சம்பின் கொள்ளுப்பாட்டன் கிரிஸ்டல் பேலஸின் நிலவறை.

சென்னைக்கும் இந்த அலை வந்தது. மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890இலேயே நூல் எழுதியவர். அவர் முயற்சியில் உருவான கடல்மீன் காட்சியகம் 1909இல் மெரினாவில் திறந்தது. இந்தியாவின் முதல் காட்சியகம் அதுதான். பிறகு மீன்வளத் துறையின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் மூடப்பட்டது. போர் முடிந்த பிறகும் அது திரும்பி வரவில்லை.

கடலோரத்துக் காட்சியகத்துக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை. உள்நாட்டில் அதுவே பெரும்பாடு. 1930இல் சிகாகோவில் ஷெட் காட்சியகம் திறந்தபோது ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து சுமார் 10 லட்சம் கேலன் கடல்நீரை ரயில் டாங்கர்களில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு அது முடியுமா? வீட்டுத் தொட்டிக்கு விடிவு 1960களில், கடலே இல்லாத ஒஹாயோ மாநிலத்திலிருந்து வந்தது. இன்ஸ்டன்ட் ஓஷன் என்ற பெயரில் பொட்டலத்தில் அடைத்த கடலுப்பு. குழாய்த் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர். அதே காலத்தில் சிலிக்கோன் பசையும் வந்தது. அதுவரை தொட்டி என்றால் இரும்புச் சட்டமும் மக்குப் பசையும்தான். உப்புத் தண்ணீர் சட்டத்தை அரிக்க, கரைந்த உலோகம் உயிர்களைக் கொல்லும். கண்ணாடியோடு கண்ணாடியை நேரே ஒட்டலாம் என்றானதும் அந்த நஞ்சு ஒழிந்தது. விமானத்தில் வெப்பக்கடல் மீன்கள் வரத் தொடங்கின. இலங்கையிலிருந்து அப்படி அனுப்பியவர்களில் முன்னோடி, ஆர்தர் சி. கிளார்க்கோடு முக்குளித்த ராட்னி ஜோங்க்ளாஸ். இராபர்ட் ஸ்ட்ராகன் எழுதிய வீட்டுக் கடல்தொட்டி நூல் அமெரிக்காவில் பலருக்கும் பாடப்புத்தகம் ஆனது.

ஆனால் சரக்கு வந்த வேகத்தில் அறிவு வரவில்லை. சரளைக்கல்லுக்கு அடியில் துளையிட்ட தட்டைப் பரப்பி, தண்ணீரைக் கல்லின் ஊடாக உறிஞ்சும் ஃபில்டர்தான் அன்றைய நவீனம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தக் கல்லில் குடியேறும். மீனுக்கு அது போதும். நைட்ரேட்டு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். அதைத் தாங்கும் மீன் உண்டு; பவளம் தாங்காது. பளபளப்பான வெள்ளைப் பவளமும் துள்ளும் மீனுமாக எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. உயிர்ப்பவளத்தைக் கொண்டுவந்து வைத்தால் சில வாரங்களில் அதுவும் வெள்ளைப் பவளமாகிவிடும்.

விடை அப்போதே அச்சில் இருந்தது. 1961 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு மாத இதழில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தொட்டியில் ஃபில்டர் இல்லை. கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை, அவற்றில் ஒட்டியிருந்த புழு, பாசி, கடற்பஞ்சு, சிறு நண்டு எதையும் கழுவாமல் அப்படியே இறக்கினார். கடல்நீர், சன்னல் வழியே வரும் வெயில், மெல்லக் குமிழிவிடும் ஒரு காற்றுக்குழாய். இவ்வளவே. அதில் மீனும் பவளமும் கடல் சாமந்தியும் சேர்ந்து வாழ்ந்தன.

அந்தக் கல்லைத்தான் இன்று உலகமெங்கும் லைவ் ராக் என்கிறார்கள். கல்லின் மேற்பரப்பில் பிராணவாயு கிடைக்கும் இடத்தில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வாழும். உள்ளே நுண்துளைகளில், காற்றுப் புகாத ஆழத்தில் வேறுவகைப் பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். ஃபில்டரால் முடியாத கடைசிப் படியை ஒரு கல் சத்தமின்றிச் செய்தது. கல்லைப் பிளீச்சிங்கில் போட்டால் முதலில் சாவது இந்தக் கூட்டம்தான்.

படித்தவர்கள் சிலர் முயன்று பார்த்தார்கள், பெரும்பாலோருக்குத் தோல்வி. ஜகார்த்தாவில் கடற்கரையிலிருந்து சில மணி நேரத்தில் தொட்டிக்கு வரும் கல், நியூயார்க்குக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகிவிடும். பனிக்கால சன்னலில் ஜாவாவின் வெயில் ஏது? இவை உண்மையான தடைகள். ஆனால் இன்னொரு தடையும் இருந்தது. கருவி இல்லாமல், மருந்து இல்லாமல், கழுவாத கல்லை வைத்தே எல்லாம் நடக்கும் என்று கீழைநாட்டுக்காரர் ஒருவர் சொன்னதை முறையாகச் சோதிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. அவர் சொன்னது வழக்கத்துக்கு வர கால் நூற்றாண்டு ஆனது.

அதே காலத்தில் இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒளி வந்தது, சொல்லப்போனால் நிஜமான ஒளியே வந்தது. பசிபிக்கில் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ரெனே கத்தாலா 1956இல் ஒரு காட்சியகம் திறந்து, வடிகட்டாத கடல்நீரை ஓடவிட்டு உயிர்ப்பவளங்களை வைத்திருந்தார். புறஊதா விளக்கை அவற்றின் மேல் காட்டியபோது பச்சையும் ஆரஞ்சுமாக அவை ஒளிர்ந்தன. இன்று பவளத் தொட்டிகளுக்கு மேலே எரியும் நீல விளக்குகளுக்கு அடியில் கூட்டம் வாய்பிளந்து நிற்பது இந்த ஒளிர்வைப் பார்த்துத்தான்.

லீ சின் எங்கின் கல்லைக் குளிர்நாட்டு வீட்டுக்குள் பிழைக்க வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். அவர்கள் அதோடு இரண்டு பொருளைச் சேர்த்தார்கள்: நுரையும் சுண்ணாம்பும். நுரைக்கு உரிய கருவி புரோட்டீன் ஸ்கிம்மர். உயரமான குழாய்க்குள் பொடிப்பொடிக் குமிழிகளை விட்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் புரதமும் கொழுப்பும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். பருப்பு கொதிக்கையில் பொங்கும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுக்கிறோமே, அந்த வேலைதான். மேலே ஒரு குவளையில் தேயிலை நிறத்தில் துர்நாற்றத்தோடு அது சேரும். ஆரம்பகால ஸ்கிம்மர்களில் குமிழியைப் பொடியாக்க லைம் மரத்துண்டு வைத்தார்கள். ஃபில்டர் அழுக்கைப் பிடித்துத் தொட்டிக்குள்ளேயே அழுகவிடுகிறது. ஸ்கிம்மர் அது அழுகுமுன் வெளியே தள்ளிவிடுகிறது. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். தொழிலையே மாற்றியது அதுதான்.

சுண்ணாம்பின் கதை இன்னும் எளிது. பவளம் தன் எலும்பைக் கட்ட தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கடலில் அது குறையாது, தொட்டியில் குறையும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ் 1973இல் எழுதிய நூலில் இதற்கு வழி சொன்னார்: ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடு. வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பைக் கரைத்துப் பழகியவர்களுக்கு அதன் காரம் தெரியும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் தொட்டி முழுதும் செத்துவிடும். இரவெல்லாம் சொட்டவிடுவது வழக்கம்.

கல், நுரை, சுண்ணாம்பு நீர், பலமான விளக்கு. இந்தக் கூட்டுக்குப் பிறகு பெர்லின் முறை என்று பெயர் நிலைத்தது. அந்நகரத்து வளர்ப்பாளர் டீட்ரிச் ஷ்டூபரின் தொட்டியில் கிளைப்பவளம் ஒன்று வளர்ந்தது. கிளை ஒடித்து நட்டால் இன்னொரு செடி வருவதைப் போல, அதன் துண்டு புதுப் பவளமாகும். 1980களிலிருந்து ஷ்டூபர் தன் துண்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்தார், அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், அது அட்லாண்டிக்கையும் தாண்டியது. பிடித்துவந்த உயிராக இருந்த பவளம் கைமாறும் நாற்றாக ஆனது இங்கேதான். பணம் கொடுத்து வாங்குவதைவிடத் துண்டுக்குத் துண்டு மாற்றிக்கொள்வதே இவர்களிடையே மரியாதை.

அமெரிக்கர்கள் நடுவே ஒரு சுற்றுவழி போய்வந்தார்கள். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் ஓர் அமெரிக்க இதழில் ஐரோப்பியப் பாணித் தொட்டிகளைப் பற்றித் தொடர் எழுதினார். படித்தவர்களுக்கு வியப்பு தாங்கவில்லை. ஆனால் அவர்கள் ஓடிப்போய் வாங்கியது கல்லை அல்ல. பிளாஸ்டிக் உருண்டைகளின் மேல் தண்ணீர் வடியும் ஃபில்டரை. மறுபடியும் நைட்ரேட்டு ஏறியது. சில ஆண்டுகள் கழித்து உருண்டைகளைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து எறிந்தபோது தொட்டி தேறியது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி 1980இலேயே வேறொரு வழி காட்டியிருந்தார்: தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையைப் பாசிப்படுகைக்கே விட்டார். மொனாக்கோவில் ழான் ஜோபர், ஆழமான மணல்படுகையே அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார். ஊருக்கு ஊர் முறை வேறு. பிளீச்சிங் பாட்டில் மட்டும் எந்த முறையிலும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெப்பக்கடல் பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி வாழ்கிறது. ஒளியில் அது சமைப்பதுதான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு. ஆகவே விளக்கு என்பது இங்கே அலங்காரமல்ல, அடுப்பு. தெருவிளக்குகளிலும் தொழிற்கூடங்களிலும் எரிந்த மெட்டல் ஹாலைடு பல்புகளைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார்கள், தண்ணீர் சூடேற, குளிர்விக்க சில்லர் வாங்கினார்கள், மின்கட்டணம் எகிறியது. நீல எல்.இ.டி. வந்தபின் அந்தச் சூடு குறைந்தது. அந்த எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சுண்ணாம்பு நீர் எட்டாத பெரிய தொட்டிகளுக்காகக் கால்சியம் ரியாக்டர் வந்தது. பவளச் சரளை நிரப்பிய குழாய்க்குள் கரியமில வாயுவை விட்டால் சரளை கரைந்து கால்சியம் தரும். டூசல்டோர்ஃப் நகரத்து லோபெக்கே அருங்காட்சியகத்தின் ரோல்ஃப் ஹெபிங்ஹாஸ் 1990களில் இதைப் பரப்பினார். ஹான்ஸ் வெர்னர் பாலிங் அதே பத்தாண்டில் வகுத்த உப்புக் கரைசல் முறை, அளந்து ஊற்றும் சின்ன மோட்டார்களோடு சேர்ந்து இன்று வீடுகளில் பரவலாக ஓடுகிறது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது யார்? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆய்வு மையம் 2003இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்ட அழகு மீன்களும் 1.1 கோடி முதல் 1.2 கோடி பவளத் துண்டுகளும் கடலிலிருந்து தொட்டிகளுக்குப் போயின. பிலிப்பைன்ஸில் மீனை மயக்கிப் பிடிக்க சயனைடைப் பீய்ச்சும் பழக்கம் 1960களிலிருந்தே இருந்தது. மீனோடு பவளமும் மடிந்தது. தொட்டிக்காரர்கள் கடலை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. மறுபாதியில், ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ 1970களிலேயே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்பனைக்கு வளர்த்தார். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிரேக்ஸ் குழுவினர் எல்.இ.டி. விளக்கையும் கணினிக் கட்டுப்பாட்டையும் கொண்டு பருவ வெப்பத்தையும் நிலவொளியையும் தொட்டிக்குள் நடித்துக்காட்டி, பவளங்களை உரிய காலத்தில் கருமுட்டை வெளியிட வைத்தார்கள். அந்த அனுபவத்தின் துணையோடு 2019 ஆகஸ்டில் ஃப்ளோரிடா காட்சியகத்தில், அழிவின் விளிம்பில் நிற்கும் தூண் பவளம் ஆய்வகத்துக்குள் முட்டையிட்டது. அட்லாண்டிக் பவளம் ஒன்றை அப்படிச் செய்ய வைத்தது அதுவே முதல்முறை. வரவேற்பறைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சொந்தக் காசில் சோதித்துச் செப்பனிட்ட கருவிகள்தான் இந்த ஆய்வகங்களின் அடித்தளம்.

நம் கரையில் கணக்கு வேறு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளத்தைச் சேதப்படுத்தியதில் மீன்தொட்டிக்குப் பெரிய பங்கில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அதை வண்டி வண்டியாக வெட்டினார்கள். இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் அது கடல் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் எல்லாக் கல்பவளங்களும், கருப்புப் பவளமும், கடல் விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்கு வந்தன. கடல்குதிரையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பெர்லின்காரர் நண்பருக்கு ஒடித்துக் கொடுக்கும் துண்டு, இங்கே மூன்று முதல் ஏழு ஆண்டு சிறைக்குரிய பொருள். கடற்கரையில் ஒதுங்கிய செத்த துண்டை எடுத்து விற்றாலும் சட்டம் விடாது.

ஆகவே கடல்தொட்டி ஆசையோடு கடைக்குப் போகிறவர்கள் கல்பவளத்தையோ கடற்குதிரையையோ கேட்க வேண்டாம். யாராவது நீட்டினாலும் வாங்க வேண்டாம். கோமாளி மீனை மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் மீனை இறக்குமுன் தொட்டியைச் சில வாரங்கள் வெறுமனே ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டனவா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.